தட்டைத் திருப்பிப் பார்த்தவர்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக் கடைத்தெருவில் ஒரு காட்சி கண்டேன். கடுக்காய் மூட்டையோடு வந்திருந்த மலைவாசிப் பெரியவர் ஒருவர், வியாபாரி தராசைத் தூக்கியதும், "கொஞ்சம் இரு சாமி" என்றார். தட்டைத் திருப்பி அடிப்பாகத்தைத் தடவினார். புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாராம்! வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. தன் பங்குக்கு அவனும் மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவினான். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே விலை பேசினார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 1996-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்த வருஷந்தான் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை என்பவர், மூலிகையைக் கொண்டு தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாகச் சொன்னார். நாடே அமர்க்களப்பட்டது. டில்லி ஐ.ஐ.டி.யில் செய்து காட்டினார். படித்த விஞ்ஞானிகளே வியந்தார்கள். பெரிய படிப்புப் படிக்காத ஒரு தமிழர் உலகத்தையே புரட்டப்போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில், மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் காத்திருந்தேன். "இந்தக் கல்வராயனில் இல்லாத பச்சிலையா? நாளைக்கு இங்கேயும் பெட்ரோல் ஊறும்!" என்று பிரசங்கம் செய்தேன். மூலையில் இருந்த ரசாயன வாத்தியார் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "பெட்ரோலின் எடையில் 100-க்கு 85 பங்கு கரி. தண்ணீரில் கரி ஏது சார்? ஒரு லிட்டருக்கு 600 கிராமுக்கு மேல் கரி வேண்டும். காய்ந்த இலையில் பாதிதான் கரி. கிலோக்கணக்கில் சருகு வேண்டிய இடத்தில் ஒரு பிடி இலை எப்படிப் போதும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவன் என்ன செய்வான்? "தமிழன் முன்னுக்கு வந்தால் உங்களுக்குப் பொறுக்காதே!" என்றேன். கடையே சிரித்தது. அவர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சில நாட்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் மறுபடி பரீட்சை நடந்தது. தண்ணீரில் இலையைப் போட்டுக் காய்ச்சிக் கோலால் கலக்கினால் மேலே எரிபொருள் மிதக்கும், இதுதான் முறை. அந்தக் கோலின் உட்புறம் கூடு, அதற்குள்ளேயே எரிபொருள், நுனியில் மெழுகு அடைப்பு, சூட்டில் அது உருகிவிடும் என்று விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

முதலில் பார்த்த மேதைகளுக்கு இது ஏன் தெரியவில்லை? இயற்கை தன் ரகசியத்தை மறைக்குமே தவிர, கைவித்தை காட்டாது. இயற்கையோடு மட்டும் பழகியவர்கள் இலையையும் நீரையும் ஆராய்வார்கள். கோலைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாது. அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. பிலடெல்பியா நகரத்துக் கீலி என்பவர், தண்ணீரிலிருந்து அபார சக்தி எடுப்பதாகச் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் முதலாளிகளிடம் பணம் திரட்டினார். 1898-இல் அவர் இறந்த பிறகு வீட்டைச் சோதித்தார்கள். நிலவறையில் அழுத்தக் காற்றுக்கென ஒரு பெரிய இரும்பு உருண்டை இருந்தது. கம்பி என்று அவர் காட்டியவற்றில் சில, உள்ளே துளையுள்ள குழாய்கள்!

நம் கதை 1996-இல் முடியவில்லை. 1999, 2000-ஆம் ஆண்டுகளில் அந்த எரிபொருள் விற்பனைக்கே வந்தது. டொலுவீன், நாப்தா முதலியவற்றின் கலவைதான் அது என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016-இல் சென்னை நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கும் வேறு நால்வருக்கும் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தம் கண்டுபிடிப்பு மெய்யே என்பதுதான் அதற்குப் பிறகும் அவர் கட்சி.

அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. நான் சொல்லவேண்டிய தீர்ப்பு என்னைப் பற்றியது. வாத்தியார் கேட்டது கணக்கு. நான் கொடுத்தது வசை. காசு கொடுத்து அந்தக் கலவையை வண்டியில் ஊற்றிக்கொண்டவர்களுக்கு, என்னைப் போன்றவர்கள் கொட்டிய முழக்கமும் ஒரு காரணமல்லவா?

பிற்பாடு கள்ளக்குறிச்சி போனபோதெல்லாம் அந்த டீக்கடைப் பக்கம் தேடினேன். வாத்தியாரைக் காணவில்லை. தட்டைத் திருப்பிப் பார்ப்பது அவமரியாதை அல்ல என்பது வெள்ளிமலைப் பெரியவருக்கும் வியாபாரிக்கும் தெரிந்திருக்கிறது. நாலு புத்தகம் எழுதிய எனக்கு அன்று தெரியவில்லை.