காரண காரியக் கற்பித்தல் (கதை, எழுத்து வழி)

ஒரு நிகழ்வு மற்றொன்றை விளைவிக்கிறது என்ற அறிவைக் கதையாலும் எழுத்துப் பயிற்சியாலும் சிறுவர்க்கு ஊட்டும் முறை இது. 'அப்புறம் என்ன?' என்ற கேள்வி நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும், 'ஏன்?' என்பதே காரணத்தைத் தேடவைக்கும்.

இதற்குப் பழைய சான்று பஞ்சதந்திரம். அமரசக்தி என்னும் அரசனின் மூன்று மக்களுக்கு விஷ்ணுசர்மா கதைகளால் அறிவூட்டியதாக அதன் முகவுரை கூறும். அதன் ஐந்தாம் பகுதியான ஐந்தாம் தந்திரம் ஆராயாமல் செய்வதன் விளைவைப் பற்றியது. அதில் வரும் கீரிப்பிள்ளை, குழந்தையை நெருங்கிய பாம்பைக் கொன்று இரத்தம் தோய்ந்த வாயோடு தாயின் எதிரே வருகிறது. குழந்தையைத்தான் கொன்றதென்று எண்ணிய தாய் அதை அடித்துக் கொல்கிறாள். அவள் கண்ட இரத்தம் உண்மை; ஊகித்த காரணம் பொய். இவ்வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டும் சிறுவர் கதை வேறு அரிது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இக்கதை இடம்பெறுகிறது: கீரியைக் கொன்றதால் கணவன் பிரிந்துபோன பெண்ணின் பாவம் நீங்கக் காப்பிய நாயகன் கோவலன் தானம் செய்து, இருவரையும் சேர்த்துவைக்கிறான். தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் 1826இல் வெளியிட்டார்.

வாய்மொழிக் கதைகளில் தெலுங்கின் ஏழு மீன் கதை தலைசிறந்தது. அரசகுமாரர் எழுவர் பிடித்துவந்து காயவைத்த மீன்களில் ஒன்று மட்டும் காயவில்லை. ஏன் என்றால் வைக்கோல் போர் வெயிலை மறைத்தது. போரை மாடு தின்னவில்லை. மாட்டை மேய்ப்பவன் அவிழ்த்துவிடவில்லை. அவனுக்குப் பாட்டி சோறு போடவில்லை. குழந்தை அழுததால் பாட்டிக்குக் கை ஓயவில்லை. குழந்தையைக் கடித்தது எறும்பு. தன் புற்றுக்குள் விரல் விட்டதால் கடித்ததாக எறும்பு சொல்ல, கதை முடிகிறது. கேட்கும் குழந்தை விளைவிலிருந்து காரணத்துக்குப் படிப்படியாகப் பின்னோக்கிப் போகிறது. தன் பெயரை மறந்த ஈயின் கதையும் இப்படித் தொடர்வதே. ஆயினும் ஈ ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பதே அதன் அமைப்பு, ஒன்று மற்றொன்றால் நிகழ்வதில்லை.

ஏழெட்டு வயதுக்கு முன் காரண அறிவு முதிராது என்று 1920களில் உளவியலாளர் பியாஜே கருதினார். பிந்தைய சோதனைகள் இதைத் திருத்தின: காரணம் விளைவுக்கு முன்னே நிகழவேண்டும் என்பதை மூன்று, நான்கு வயதினரே அறிவர். குறைவது அதைச் சொல்லும் மொழியே.

எழுத்துப் பயிற்சி இங்கேதான் தேவைப்படுகிறது. தமிழ் வினையெச்சம் வரிசை, காரணம் இரண்டையும் சுமக்கும். 'குளித்துச் சாப்பிட்டான்' என்பதில் வரிசை மட்டுமே உண்டு. 'மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது' என்பதில் காரணமும் உண்டு. இரண்டாவதை 'நனைந்ததால்' என்று மாற்றி எழுதும்போது குழந்தை காரணத்தைத் தானே பிரித்தறிகிறது. 'ஏனென்றால்' என்று நிறுத்தி மீதியை எழுதச்சொல்வதும் பயன்தரும். இன்றைய தொடக்கப் பள்ளிகளில் படங்களை வரிசைப்படுத்தும் பயிற்சியும் கையாளப்படுகிறது.