தனிக்குரல் திறந்த வழி: கொல்கத்தாவில் நாட்டார் சாயல் பாடலின் ஒரு திருப்பம்

இசைக்குழுவில் பாடிப் பெயர் வாங்கியவர், பிறகு கிதாரும் கையுமாகத் தனித்து வந்து நாட்டார் சாயலில் முதல் தொகுப்பு வெளியிடுவது மேற்கில் நாம் அறிந்த வழக்கம். கொல்கத்தாவில் வரிசை மாறிக் கிடக்கிறது. அங்கே குழுவின் பாட்டு கேட்பாரற்றுப் போயிற்று. 1992இல் ஒரு தனிக்குரல் வென்றது. அதன் பிறகே குழுக்களுக்குக் காலம் பிறந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய ‘மொஹீனேர் கோராகுலி’, வங்க நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் பாட்டையும் ஜாஸையும் இணைத்தது. குழுவின் பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து வந்தது. 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. ரவீந்திர சங்கீதத்திலும் திரைப்பாட்டிலும் தோய்ந்திருந்த நகரம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. குழு கலைந்தது.

சுமன் சட்டோபாத்யாய் (பின்னாளில் கபீர் சுமன்) வந்த பாதை வேறு. இளமையில் இந்துஸ்தானி கயாலும் ரவீந்திர சங்கீதமும் பயின்றவர். ஜெர்மன் வானொலியிலும் வாஷிங்டனில் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’விலும் பணியாற்றியவர். அமெரிக்காவில் நாட்டார் பாடகர் பீட் சீகரைச் சந்தித்தார். ‘நாகரிக்’ என்ற குழுவோடு பாடியும் பெரிய கவனம் கிட்டவில்லை. தன் சொந்தப் பாடல்களுடன் 1992இல் அவர் தனித்து வெளியிட்ட ‘தோமாகே சாய்’ தொகுப்புதான் நிலைமையைப் புரட்டியது.

அதில் ஒரு பாடலை மட்டும் உற்றுக் கேட்போம். பட்ட வகைகளின் பெயர்களை அடுக்கித் தொடங்கும் ‘பேட்காட்டி சாந்தியால்’. வானமெங்கும் பட்டங்கள், கீழே பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் ரிக்‌ஷா ஓட்டுகிறான். விளையாட வேண்டிய கால்கள் மிதிக்கின்றன, கண் மட்டும் மேலே போகிறது. இரக்கத்தைக் கெஞ்சிக் கேட்காத இந்த நேர்ப்பேச்சுதான் அமெரிக்க நாட்டார் மரபிலிருந்து சுமன் எடுத்துக்கொண்டவற்றில் தலையாயது என்பேன். கிதாரை யாரும் வாங்கிவிடலாம். இந்தப் பார்வை எளிதில் வாய்ப்பதில்லை.

அந்த மரபு வங்கத்துக்கு அன்னியமும் அல்ல. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் ஹேமாங்க பிஸ்வாஸ், அமெரிக்க நாட்டார் பாடலான ‘ஜான் ஹென்றி’யை வங்க மொழியில் பாடியிருந்தார். ‘அழியாத கோலங்கள்’ வழி நாம் அறிந்த இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியும் அம்மன்றத்தில் வளர்ந்தவரே. போக்கும் ஒருவழியன்று: பாப் டிலனின் 1967ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’கின் அட்டையில் அவர் அருகே நிற்பவர்கள் பூர்ணதாஸ், லக்‌ஷ்மண்தாஸ் என்ற வங்கத்துப் பாவுல்கள்.

சுமனைத் தொடர்ந்து அஞ்சன் தத் 1994இல் ‘ஷுன்தே கி சாவ்’ வெளியிட்டார். டார்ஜிலிங்கில் படித்த அவர் குரலில் டிலனின் கதைசொல்லும் பாணி தெரியும். தாமே எழுதி, தாமே பாடும் ஒருவரைக் கேட்க ஆள் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. 1995இல் கௌதம் பல இளைஞர்களைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பு, மொஹீனின் பழைய பாடல்களுக்கும் புதுத் தலைமுறையைத் தேடித் தந்தது. இருபதாண்டு முன்பு செவிசாய்க்காத நகரம் இப்போது செவிசாய்த்ததற்குச் சுமன் பழக்கிய காதுகள் முக்கியக் காரணம். பாட்டின் தரம் மட்டுமே காரணமென்றால் 1977லேயே அது நடந்திருக்க வேண்டும்.

1999இல் கௌதம் மறைந்தார். அதே ஆண்டில் நாட்டார் பாடலை முதன்மையாகக் கொண்டு ‘பூமி’, ‘தோஹார்’ என்ற இரு குழுக்கள் பிறந்தன. பூமியின் பாடகர் சுரஜித் சட்டர்ஜி பின்னர் அக்குழுவை விட்டு விலகித் தம் வழியில் பாடலானார். மேற்கில் வழக்கமான வரிசை கொல்கத்தாவுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.