தூண்டில்காரன் சாட்சி

மீன் பிடிக்கிறவன் பேச்சை யாரும் முழுதாக நம்புவதில்லை. அவன் இரண்டு கைகளையும் விரித்து, "இத்தனை நீளம்" என்று காட்டினால், கேட்கிறவன் மனசுக்குள்ளேயே அந்தக் கைகளை அரை முழம் கிட்டே நகர்த்திக்கொள்கிறான். எல்லா தேசத்திலும் இதுதான் வழக்கம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அவனிடம் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஏறக்குறைய ஒரே தொழில்தானே! ஆனால் அமெரிக்காவில் ஓர் ஆசாமி இந்தத் தூண்டில்காரர்களை நூறு பேருக்கு மேல் ஓர் ஏரிக்கரையில் கூட்டி, கையில் பணத்தைக் கட்டச் சொல்லி, பந்தயம் நடத்தி, அடிதடி இல்லாமல் வீட்டுக்கும் அனுப்பிவைத்தார். அது எப்படி முடிந்தது என்பதில் எனக்கு வெகுநாளாக ஓர் ஆச்சரியம்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் பாஸ். பரீட்சையில் நம் பையன்கள் ஆகிற (அல்லது ஆகாத) பாஸ் அல்ல. நம் கொடுவாய் மீனையும் ஆங்கிலத்தில் ஒருவகை பாஸ் என்பார்கள்; அதுவும் இல்லை. இது வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழ்கிற நன்னீர் மீன். பச்சை முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் பிளக்கிற பெரிய வாய். உறவுமுறை ஏதும் கிடையாது என்றாலும் குணத்தில் நம் விராலுக்குத் தம்பி என்று சொல்லலாம். பாசியிலும் மூழ்கிய மரத்தின் அடியிலும் அசையாமல் கிடக்கும். எதிரே தவளையோ மீன்குஞ்சோ போனால் ஒரே பாய்ச்சல். முள்ளில் சிக்கியபின் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். பிடிக்கிறவனுக்குப் பைத்தியம் பிடிப்பது அந்த உதறலில்தான்.

இந்த மீனுக்குச் சாஸ்திரப் பெயர் வந்ததே ஒரு தப்பான சாட்சியால். பிரெஞ்சு இயற்கை விஞ்ஞானி லாஸெபேத் என்பவர் கைக்கு வந்த மாதிரி மீனில் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. கிழிந்து தனியே நின்ற துண்டை அவர் ஒரு தனித் துடுப்பு என்று எண்ணி, 1802-ல் மைக்ரோப்டெரஸ், அதாவது சிறுதுடுப்பன், என்று நாமகரணம் செய்துவிட்டார். காயத்தை அங்கமாக எண்ணிய அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

வெகுகாலம் வரை இதற்குக் கௌரவம் இல்லை. கனவான்கள் பிடிக்கிற மீன் டிரவுட். பாஸ் குடியானவன் குழம்புக்கு. ஹென்ஷால் என்ற டாக்டர் 1881-ல் இதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதி, அங்குலத்துக்கு அங்குலம் இதைவிட வீரமான மீன் கிடையாது என்று வாதாடினார். அதன்பிறகுதான் படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் மீன் என்றால் தின்பதற்கு என்கிற எண்ணம் மாறவில்லை.

அதற்கு அத்தாட்சி ஜார்ஜியா மாகாணத்து ஜார்ஜ் பெர்ரி. 1932 ஜூன் 2-ஆம் தேதி. அமெரிக்கா முழுவதும் பஞ்சகாலம். தகப்பனை இழந்து குடும்ப பாரத்தைச் சுமந்த வாலிபன். மழை பெய்து வயலில் வேலை ஓடாத நாள். சிநேகிதன் ஒருவனோடு, சொந்தக் கையால் செய்த படகில் மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரே தூண்டில். அதில் ஒரு ராட்சத பாஸ் விழுந்தது. ஹெலினா என்ற சிற்றூரில் தபாலாபீஸ் தராசில் வைத்து நிறுத்தார்கள்: 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு அந்த எடையை எழுதி அனுப்பினார். 75 டாலர் பெறுமானமுள்ள சாமான்கள் பரிசாக வந்தன. மீனை வீட்டார் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பசித்த குடும்பம் வேறென்ன செய்யும்? ஆனால் உலக சாதனைக்கான முதல் சாட்சி இப்படி அடுப்பில் போயிற்று. எஞ்சியது தராசும் காகிதமும். அந்த எடையை எழுபத்தேழு வருஷம் ஒருவரும் எட்டவில்லை. எட்ட முடியாதவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்பதில் அதிசயமில்லை.

இதற்குள் தேசத்தில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மின்சாரத்துக்கும் வெள்ளத் தடுப்புக்குமாக அமெரிக்க சர்க்கார் நதிதோறும் அணை கட்டியது. 1933-ல் டென்னஸி பள்ளத்தாக்கு நிறுவனம் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நீர்த்தேக்கங்கள் வந்தன. மூழ்கின காடும் மேடும் பாஸுக்கு மாளிகை போல் அமைந்தன. மீன் பெருகிற்று, யுத்தத்துக்குப் பின் மோட்டார் படகும் பெருகிற்று. ஒஹையோவில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் மென்மையான பிளாஸ்டிக்கில் மண்புழு வார்த்துவிட்டார். நிஜப் புழுவைத் தோண்டுகிற பிரயாசையும் போயிற்று.

மீனும் படகும் இருந்தால் பந்தயம் வராமல் இருக்குமா? வந்தது. கூடவே திருட்டும் வந்தது. முதல் நாளே பிடித்துக் கூண்டில் போட்டு ஏரியில் மறைத்துவைத்தால் பந்தயத்தன்று எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய மீனையும் காட்டலாம். பாஸ் பந்தயம் என்றாலே சற்று முகம் சுளிக்கிற நிலைமை.

ரே ஸ்காட் வந்தது அப்போதுதான். அலபாமா மாகாணத்துக்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். 1967 மார்ச் மாதம், மிஸிஸிப்பியில் ஜாக்சன் நகரத்து ஹோட்டல் அறையில், மழையினால் மீன்பிடிக்கப் போக முடியாமல் டெலிவிஷனில் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று யோசனை உதித்ததாம்: இதற்கு ஒரு போட்டி இருக்கும்போது பாஸுக்கு ஏன் இருக்கக் கூடாது? அந்த ஜூன் மாதமே ஆர்க்கன்ஸாவில், ஒரு வருஷத்துக்கு முன் கட்டி முடிந்த பீவர் ஏரியில் பந்தயம் நடத்திவிட்டார். 13 மாகாணங்களிலிருந்து 106 பேர், தலைக்கு நூறு டாலர். டென்னஸிக்காரர் ஸ்டான் ஸ்லோன் ஜெயித்தார். மறு வருஷம் ஜனவரியில் பாஸ் தூண்டில்காரர் சங்கம் பிறந்தது. 1971-ல் முதல் 'கிளாசிக்': 24 ஆட்டக்காரர்களை விமானத்தில் ஏற்றி, ஆகாயத்தில் பறக்கும்போதுதான் "நாம் போவது மீட் ஏரி" என்று சொன்னார்கள். முன்கூட்டியே போய் ஒருவரும் ஏரியை வேவு பார்த்துவிடக் கூடாதே! பத்தாயிரம் டாலர் முழுவதும் ஜெயித்த ஒரே ஆளுக்கு. பாபி மர்ரே கொண்டுபோனார்.

ஸ்காட்டின் சாமர்த்தியம் இன்னொன்றில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இன்ஷூரன்ஸ் விற்கிறவருக்கு மனுஷ சுபாவம் தெரியாமல் இருக்குமா? போலீஸ் வைக்கவில்லை, சத்தியம் வாங்கி நிறுத்திக்கொள்ளவில்லை. சீட்டுக் குலுக்கி, முன்பின் பழகாத இரண்டு போட்டியாளர்களை ஒரே படகில் உட்காரவைத்தார். பொழுதெல்லாம் ஒருவனுக்கு மற்றவன் சாட்சி. அதுவும் எதிராளியே சாட்சி! எந்த நியாய ஸ்தலத்தில் இத்தனை சிக்கனமான ஏற்பாடு இருக்கிறது?

இரண்டாவது காரியம் 1972-ல். கொலராடோவில் டிரவுட் பிடிக்கிறவர்கள் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டு மகிழ்வதை ஸ்காட் பார்த்திருந்தார். 'பிடித்ததைக் கொல்லாதே' என்று தம் பந்தயத்தில் விதி செய்தார். படகில் காற்றூட்டிய தண்ணீர்த் தொட்டி வந்தது. மீன் உயிரோடு தராசுக்கு வந்து, உயிரோடு ஏரிக்குப் போகும். செத்த மீனுக்கு எடையில் அபராதம். பெர்ரி வீட்டு அடுப்பிலிருந்து நாற்பது வருஷத்தில் மீன் எவ்வளவு தூரம் வந்துவிட்டது! எனினும் இதிலும் ஒரு கோணல் உண்டு. முட்டையிடும் பருவத்தில் கூட்டைக் காவல் காக்கிறது ஆண் மீன். அதைத் தூக்கிப் பல மைல் தள்ளி எடை போட்டு அங்கேயே விட்டால், இங்கே முட்டையைச் சின்ன மீன்கள் தின்று தீர்த்துவிடும். மீன் பிழைத்தது, குடும்பம் போயிற்று.

பெரிய பந்தயங்களைவிட எனக்குப் பிடித்தவை ஊர்ச் சங்கங்களின் சின்னப் பந்தயங்கள். என் தங்கை மகன் ஹன்ட்ஸ்வில்லில் என்ஜினீயர். அங்கே ஒரு சங்கத்தில் அங்கத்தினன். நான் போயிருந்தபோது கன்டர்ஸ்வில் ஏரியில் ஒரு சனிக்கிழமை பந்தயம். இருட்டு விலகுமுன் படகுகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் ஒவ்வொரு படகின் தொட்டியையும் திறந்து, உள்ளே முன்கூட்டியே மீன் இல்லை என்று பார்த்துக்கொண்டு வருகிறார். யாரும் முகம் கோணவில்லை. நம்பர் பிரகாரம் புறப்பாடு. ஆளுக்கு ஐந்து மீன்தான் கணக்கு; ஆறாவது கிடைத்தால் சின்னதை விட்டுவிட வேண்டும். குறித்த நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் எடையில் கழிவு. வருஷம் முழுவதும் புள்ளிகள் கூட்டி, கடைசியில் 'இவ்வாண்டின் தூண்டில்காரர்'. பரிசுத் தொகை பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது.

படகில் இரண்டு பேருக்குத்தான் இடமாகையால் நான் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பையன் நாலு மீனோடு வந்து ஆறாவதாக நின்றான். திரும்பும்போது காரில் சொன்னான்:

"அஞ்சாவதும் கிடைச்சுது மாமா. அளவுப் பலகையில வச்சேன். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடிச்சா, கோட்டுக்கு ஒரு நூல் கம்மி. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா தொட்டிருக்கும்."

"கூட இருந்தவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. ரிடையர் ஆன மனுஷர், நல்லவர். அந்தச் சமயம் பார்த்து எதிர்க்கரையில கொக்கு பார்க்க ஆரம்பிச்சுட்டார். அதுதான் மாமா கஷ்டமாப் போச்சு."

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டானாம். வெகுதூரம் வரை நாங்கள் பேசவில்லை.

எல்லோரும் விட்டுவிடுகிறவர்கள் அல்ல. 2022 செப்டம்பரில் ஈரி ஏரிப் பந்தயம் ஒன்றில், பாஸ் அல்ல, வாலை என்ற வேறு மீன், ஜெயித்தவர்களின் மீன் பார்வைக்கு மீறிய கனமாக இருந்தது. நடத்துகிறவர் கூட்டத்தின் நடுவே வயிற்றைக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! இரண்டு பேரும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டால் சாட்சி ஏது?

பெர்ரியின் சாதனைக்கு எதிராளி வந்தது அமெரிக்காவிலிருந்து அல்ல. 1925-ல் அகாபோஷி என்ற ஜப்பானியச் செல்வர் பாஸைக் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டிருந்தார். அது பரவி 1974-ல் பிவா ஏரியில் தலைகாட்டிற்று. உள்ளூர் மீன்களை விழுங்கிற்று. புளூகில் என்ற இன்னொரு அமெரிக்க மீனும் அங்கே உண்டு. அது 1960-ல் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் கொடுத்த அன்பளிப்பிலிருந்து பெருகியது. 2007-ல், சக்கரவர்த்தியான பிறகு, அந்த ஏரிப் பிரதேசத்துக்கே போன அகிஹிட்டோ, இதை நினைத்தால் மனம் நோகிறது என்று சொன்னார். 2003 முதல் பிவாவில் சட்டமே வேறு: பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக் கூடாது. ஸ்காட்டின் விதி அங்கே தலைகீழ்.

அந்த ஏரியில் 2009 ஜூலை 2-ஆம் தேதி மனாபு குரிடா என்பவர், உயிருள்ள ஒரு புளூகில்லை இரையாகக் கோத்து, ஒரு பாஸ் பிடித்தார். 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெர்ரியுடையதைவிட ஒரு அவுன்ஸ் கூட முழுதாக அதிகமில்லை. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட இருக்க வேண்டும் என்பது சர்வதேசச் சங்கத்து விதி. ஆகவே சமம் என்று தீர்ப்பு. அதற்கும் முன்னால், படகை நிறுத்தக் கூடாத இடத்தில் பிடித்தார் என்று ஒரு வதந்தி. குரிடாவைப் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் முன் உட்காரவைத்துக் கேட்டார்கள். அதிலும் தேறிவிட்டார்.

பெர்ரியை அப்படி உட்காரவைத்துக் கேட்க வழியில்லை. அவர் 1974-லேயே விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்.