அழுத்த அறையும் அதற்கான நோய்களும்: உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையின் வரலாறு

வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு அழுத்தமுள்ள மூடிய அறையில் நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வதே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. இதன் வரலாற்றில் அறை முதலில் வந்தது, ஆக்சிஜன் பின்னர் வந்தது. எந்த நோய்க்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

துருத்திகளால் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கும் அறை ஒன்றை 1660களிலேயே ஹென்ஷா என்ற ஆங்கிலேயர் வகுத்தார். ஆக்சிஜன் கண்டறியப்பட அப்போது இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1830களில் பிரான்சில் ஜூனோ, பிரவாஸ் ஆகிய மருத்துவர்கள் அழுத்தக் காற்றைக் கொண்டு சிகிச்சை அளித்தனர். ஐரோப்பாவின் செல்வந்தரிடையே அது நாகரிகமாகப் பரவியதே தவிர, மருத்துவமாக வேரூன்றவில்லை.

இச்சிகிச்சைக்கு உரிய முதல் நோய் ஆற்றுப்படுகைகளில் தோன்றியது. பாலத்தூண்களுக்கு அடித்தளம் தோண்டியோர், நீர் புகாதபடி அழுத்தக் காற்று நிரப்பிய 'கெய்சன்' பெட்டிகளுக்குள் வேலை செய்தனர். மேலே வந்தபின் அவர்களில் பலர் மூட்டுவலியிலும் வாதத்திலும் முடங்கினர், சிலர் இறந்தனர். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் இந்நோய்க்கு ஆளானார். அழுத்தம் சட்டெனக் குறையும்போது உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படுவதே காரணம் என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் 1878இல் விளக்கினார். அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று காட்டியவரும் அவரே. ஹட்சன் ஆற்றுச் சுரங்கப் பணியில் ஆண்டுக்கு நான்கில் ஒருவர் என்ற அளவில் தொழிலாளர்கள் மடிந்துகொண்டிருந்தனர். 1889 வாக்கில் பொறியாளர் எர்னஸ்ட் மொயர் அங்கே ஓர் அழுத்த அறையை அமைத்து, பாதிக்கப்பட்டோரை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தினார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அது வெறும் காற்றுதான். 1937இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பென்கியும் அவருடைய சகா ஷாவும் காற்றுக்குப் பதில் ஆக்சிஜனைப் பயன்படுத்திய பிறகே இச்சிகிச்சை இன்றைய வடிவை நெருங்கியது.

இடையில் ஒரு வழுக்கலும் நேர்ந்தது. 1928இல் ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க மருத்துவர் கிளீவ்லாந்தில் ஐந்து மாடி உயர எஃகுக் கோளமொன்றை எழுப்பி, சர்க்கரை நோய், மேகநோய், புற்றுநோய் அனைத்துக்கும் அழுத்தக் காற்றே மருந்து என்றார். சான்று கேட்ட அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு அவரால் ஒன்றும் காட்ட முடியவில்லை. அக்கோளம் 1942இல் போர்க்கால இரும்புக்காக உடைக்கப்பட்டது.

மருத்துவ அடிப்படை ஆம்ஸ்டர்டாமில் உறுதிப்பட்டது. அறுவை மருத்துவர் இட்டே போரெமா பன்றிகளின் இரத்தச் சிவப்பணுக்களை ஏறக்குறைய முற்றாக அகற்றிவிட்டு, மூன்று வளிமண்டல அழுத்தத்தில் அவற்றை உயிருடன் வைத்திருந்தார். 1960இல் வெளியான அந்த ஆய்வு ஒரு கணக்கை மெய்ப்பித்தது: அந்த அழுத்தத்தில் 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 6 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கரையும், ஓய்வில் இருக்கும் உடலுக்கு அது ஏறக்குறையப் போதும். சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் செயலிழந்த நிலையிலும் உயிர் காக்கலாம் என்பதே இதன் பொருள். கார்பன் மோனாக்சைடு நச்சு ஹீமோகுளோபினைத்தான் முடக்குகிறது. சாதாரணக் காற்றில் அந்நச்சின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மூன்று வளிமண்டல அழுத்த ஆக்சிஜனில் அரை மணிக்கும் குறைவு. ஆக்சிஜனற்ற சூழலில் பெருகும் கிருமிகளால் வரும் வாயு அழுகல் நோய்க்கு இது உதவுவதை 1961இல் போரெமாவும் அவருடைய சகா பிரம்மல்காம்பும் அறிவித்தனர்.

பின்னர் கதிர்வீச்சால் நலிந்த தாடை எலும்பு, ஆறாத சர்க்கரைப் புண், திடீர்ச் செவித்திறன் இழப்பு முதலியனவும் இச்சிகிச்சைக்குரிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தன. இவற்றுக்கான சான்று ஒரே வலிமையுடையதல்ல. கார்பன் மோனாக்சைடிலேயே ஆய்வுகள் முரண்படுகின்றன: 1999இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு பயன் காணவில்லை; 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு நினைவாற்றல் குறைபாடுகள் குறைந்ததாகக் கண்டது. சர்க்கரைப் புண்ணிலும் இதே நிலைதான்.

பட்டியலுக்கு வெளியே, பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கு ஆக்சிஜனும் சற்றே அழுத்திய சாதாரணக் காற்றும் ஒரே அளவு முன்னேற்றத்தையே தந்தன என்று கனடிய ஆய்வொன்று 2001இல் காட்டியது. ஆட்டிசம், புற்றுநோய் போன்றவற்றுக்கு இச்சிகிச்சை அங்கீகரிக்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் பொதுமக்களை எச்சரித்தது.