போத்தல் மூடிகளும் வரலாறும்: எல் அனற்சுயியின் கலை குறித்துச் சில சிந்தனைகள்

கண்டெடுத்த பொருள்களை ஓவியத்தோடும் சிற்பத்தோடும் இணைக்கும் மரபினை மேனாட்டுக் கலை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் வடிவப் புரட்சியாகவே விளக்கி வந்துள்ளனர். 1917இல் மார்சல் டுஷாம் சிறுநீர்க் கலமொன்றைச் சிற்பமெனக் கண்காட்சிக்கு அனுப்பியமையும், 1954 முதல் றொபேட் றோஷன்பேர்க் பழம்பொருள்களை ஓவியத்திற் பொருத்தியமையும் இதற்கு ஆதாரங்களாகக் காட்டப்படுவன. அப்பொருளை உற்பத்தி செய்தோர் யார், அது எவ்வாறு கழிவாயிற்று என்னும் வினாக்கள் அவ்விளக்கத்தில் பின்தள்ளப்படுகின்றன. எல் அனற்சுயியின் ஆக்கங்கள் அவற்றை மீண்டும் முன்வைக்கின்றன.

1944இல் இன்றைய கானாவின் அன்யாக்கோவிற் பிறந்த அனற்சுயி, கென்ரே துணி நெய்வோர் குடும்பத்தைச் சேர்ந்தவர். குமாசியில் அவர் பயின்ற கலைக்கல்வி பிரித்தானிய மரபில் அமைந்திருந்தது. அதற்கு எதிர்வினையாகச் சந்தையில் பண்டம் பரப்பும் மரத்தட்டுகளில் அடிங்க்ரா குறியீடுகளைச் சுட்டுப் பொறித்தார். 1975இல் நைஜீரியாவின் நுசுக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தபின் உடைந்த பானைகளை உருவாக்கினார். பின்னர் சங்கிலி வாளால் மரப்பலகைகளை அறுத்துச் செதுக்கினார். கருவியின் வன்முறை ஆபிரிக்கா துண்டாடப்பட்டமையை நினைவூட்டுவதாயிற்று.

1990களின் இறுதியில் நுசுக்காவின் அருகே மதுப் போத்தல் மூடிகள் நிறைந்த பையொன்றை அவர் கண்டெடுத்தார். அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, துளையிட்டுச் செப்புக் கம்பியாற் பிணைக்கும்போது பெருந்துணி போன்ற பரப்பு உருவாகிறது. நிறம் தீட்டப்படுவதில்லை, மதுவகைகளின் விற்பனை நிறங்களே அதன் வண்ணங்கள். சுவரில் தொங்குகையில் ஓவியமாகவும், மடிப்புகளால் சிற்பமாகவும் அது நிற்கிறது. இடத்துக்கு இடம் வேறுவிதமாகத் தொங்கவிடப்படுவதால் அதற்கு நிலைத்த வடிவமும் இல்லை.

மூலப்பொருளின் வரலாறு இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஐரோப்பிய வணிகர் மேற்காபிரிக்கக் கரைக்குக் கொணர்ந்த பண்டங்களுள் மதுவும் ஒன்று. அது அடிமைகளுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. அவ்வடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பின் பாகிலிருந்து றம் வடிக்கப்பட்டது. 2023இல் லண்டன் ரேற் மொடேண் கூடத்தில் அனற்சுயி காட்சிப்படுத்திய பேராக்கம் இத்தொடர்பினையே எடுத்துக்கொண்டது. ரேற் நிறுவனத்தின் தோற்றுவாயான ஹென்றி ரேற் சீனி சுத்திகரிப்பு முதலாளி என்பதும் ஈண்டு கருதற்பாலது.

எனினும், முரண்பாடுகளையும் நாம் மறைத்தலாகாது. ஆயிரக்கணக்கான மூடிகளைப் பிணைப்போர் அவரது பட்டறையின் உதவியாளர்களே. ஆக்கம் ஒருவர் பெயரால் அறியப்படுகிறது. 2015இல் வெனிஸ் விழாவின் வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்க விருது அவருக்குக் கிடைத்தது. அவரது ஆக்கங்கள் ஏலத்தில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயுள்ளன. கழிவு மீண்டும் பண்டமாகிறது. 1897இல் பெனின் நகரிலிருந்து கொள்ளையிடப்பட்ட வெண்கலச் சிற்பங்களை வைத்திருக்கும் பிரித்தானிய அருங்காட்சியகமே இவருடைய உலோகத் துணிகளையும் சேகரித்துள்ளது.

இம்முரண்பாட்டைக் கலைஞரின் தனிப்பட்ட குறையாகக் கொள்வது பொருந்தாது. கலை எந்தச் சந்தையிற் பிறக்கிறதோ அச்சந்தையின் விதிகளுக்கு அதுவும் உட்பட்டதே. ஆயினும், நெசவாளர் மரபையும், கூட்டு உழைப்பையும், அடிமை வணிகத்தின் தடயங்களையும் ஒரே பரப்பிற் காணச் செய்தமை அனற்சுயியின் சாதனையாகும். அப்பரப்பின் அழகை வியப்பதோடு நின்றுவிடாது, அதனைப் பிணைத்த கைகளையும் கணக்கிலெடுப்பது விமரிசகரின் கடமையாகும்.