பார்பெல் தூக்கிய கோல்ஃப்காரர்

கொல்கத்தா வந்தபிறகு எனக்குத் தொற்றிய வியாதி கோல்ஃப். (பார்ப்பதோடு சரி, ஆடுவதற்குப் பர்ஸ் இடம் தராது!) மட்டை வேகம் கூட வேண்டுமா, ஜிம்முக்குப் போ என்கிறார்கள் இன்றைய கோச்சுகள். 1950-களில் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். எடை தூக்கினால் தசை இறுகும், வீச்சு கெடும் என்பதே அன்றைய வேதம்.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் அமெரிக்கர் ஃப்ராங்க் ஸ்ட்ரானஹான். போகிற ஊருக்கெல்லாம் பார்பெல்லும் கூடவே போகும். 1948, 1950 இரண்டு வருடமும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் அவருக்குத்தான்.

அடுத்து தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர். எனக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஆள் நம்மூர் உயரம்தான். நெட்டையர்களோடு மோத உடம்பை முறுக்கேற்றினார். கேலி செய்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 1965-ல் யு.எஸ். ஓபனையும் ஜெயித்து நான்கு மேஜர் பட்டங்களையும் பார்த்துவிட்டார்.

1997-ல் டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக்கில் வென்ற பிறகுதான் ஜிம்முக்கு மரியாதையே வந்தது என்பேன்.

இப்போது கனமான குச்சி, இலேசான குச்சி என்று மாற்றி மாற்றி வீசிப் பழகுகிறார்கள். இலேசானது உடம்புக்கு வேகத்தைப் பழக்கும். மணிக்கு ஒரு மைல் கூடினால் பந்து சுமார் இரண்டரை கெஜம் தள்ளி விழும். எடையும் ஏற்றி, வேகமும் ஏற்றிய பிரைசன் டிஷாம்போ 2020 யு.எஸ். ஓபனை 6 ஸ்ட்ரோக்கில் தட்டிச் சென்றார்.