கூட்டணி மாறிய பல்கலைக்கழகம்

கூட்டணி மாறுவது அரசியல் கட்சிகளுக்கு மட்டுமே கைவந்த கலை என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களும் கூட்டணி மாறும்! கட்சிகளைப் போலவே ரகசியமாகப் பேசும், கணக்குப் போடும், பிறகு ஒருநாள் மேடை போட்டு அறிவிக்கும். பழைய தோழர்கள் துரோகம் என்பார்கள். புதிய தோழர்கள் மாலை போடுவார்கள். கடைசியில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும்.

2012 நவம்பர் 19, திங்கட்கிழமை. மேரிலாந்து பல்கலைக்கழகம் தன் அறுபது ஆண்டு உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. அதுவரை இருந்தது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏ.சி.சி. போய்ச் சேர்ந்தது பிக் டென். ஏன் போனது? போனதில் லாபமா, நட்டமா? இந்தக் கதை விளையாட்டு ரசிகர்களைவிட வணிகவியல் படிப்பவர்களுக்கே அதிகம் பிடிக்கும்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

கான்ஃபரன்ஸ் என்றதும் மாநாடு என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அது ஒரு கூட்டணி. பத்து, பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் அட்டவணை போட்டு ஆடும். தங்களுக்குள் ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும். முக்கியமான விஷயம், தொலைக்காட்சி உரிமையைச் சேர்ந்தே விற்று வரும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். கூட்டு வியாபாரம் என்றே சொல்லலாம்.

அங்கே 'ஃபுட்பால்' என்பது நாம் அறிந்த கால்பந்து அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அந்த ஆட்டமும் ஆண்கள் கூடைப்பந்தும்தான் பணம் கொண்டுவரும். நீச்சல், டென்னிஸ், மல்யுத்தம் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் பிழைக்கின்றன. எனவே ஒரு பல்கலைக்கழகம் எந்தக் கூட்டணியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்குள்ள நீச்சல் வீராங்கனைக்குக் குளம் இருக்குமா, இருக்காதா என்பதும் முடிவாகிறது.

முதல் வெளியேற்றம்

மேரிலாந்து கூட்டணி மாறியது 2012ல் முதல் முறை அல்ல. 1950களின் தொடக்கத்தில் அது சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பெரிய கூட்டணியில் இருந்தது. பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் 'பவுல்' ஆட்டங்களில் உறுப்பினர்கள் ஆடக் கூடாது என்று 1951ல் அந்தக் கூட்டணி முடிவெடுத்தது. விளையாட்டு படிப்பைக் கெடுக்கிறது என்ற கவலையே காரணம். மேரிலாந்தும் கிளெம்சனும் கேட்கவில்லை. மேரிலாந்து 1952 புத்தாண்டு நாளில் சுகர் பவுலில் டென்னசியை 28-13 என்று வென்றது. தண்டனையாக, 1952 பருவத்தில் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களோடும் கூட்டணியின் மற்ற அணிகள் ஆடக் கூடாது என்று தடை வந்தது. ஒருவகையில் ஊர்விலக்கு!

விளைவு? 1953 மே 8 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே நடந்த கூட்டத்தில் ஏழு பல்கலைக்கழகங்கள் ஒன்றாக வெளியேறின. மேரிலாந்து, கிளெம்சன், டியூக், வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட், தென் கரோலினா, வேக் ஃபாரஸ்ட். அவை தொடங்கிய புதிய கூட்டணிதான் ஏ.சி.சி. அந்த ஆண்டின் இறுதியில் வர்ஜீனியாவும் வந்து சேர்ந்தது. 1953 பருவத்தில் மேரிலாந்து ஃபுட்பாலில் தேசிய சாம்பியன்.

இதைக் கவனிக்க வேண்டும். 2012ல் "பாரம்பரியத்தை விற்றுவிட்டார்கள்" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தப் பாரம்பரியமே ஒரு வெளியேற்றத்தில்தான் பிறந்தது. அந்த வெளியேற்றத்துக்கும் பெரிய ஆட்டம், பெரிய வருமானம், பெரிய பெயர் என்ற ஆசைதான் காரணம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 1953ல் அக்கம்பக்கத்து ஏழு பேர் சேர்ந்து வீடு மாறினார்கள். 2012ல் மேரிலாந்து தனியாகப் பெட்டி கட்டியது.

அறுபது ஆண்டு வாழ்க்கை

அந்த அறுபது ஆண்டில் சேர்ந்த நினைவுகள் ஏராளம். 1963ல் டாரில் ஹில் மேரிலாந்து ஃபுட்பால் அணிக்காக ஆடி, ஏ.சி.சி.யின் நிறத்தடையை உடைத்த முதல் கறுப்பின வீரரானார்.

1974 மார்ச் 9 இன்னொரு முக்கியமான நாள். ஏ.சி.சி. கூடைப்பந்து இறுதி ஆட்டம். கூட்டணியின் சாம்பியன் மட்டுமே தேசியப் போட்டிக்குப் போகலாம் என்பது அன்றைய விதி. கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் வட கரோலினா ஸ்டேட் 103, மேரிலாந்து 100. வென்ற அணி தேசிய சாம்பியன் பட்டத்தையும் வென்றது. நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாந்தோ தேசியப் போட்டியில் காலே வைக்க முடியவில்லை. இந்த அநியாயம் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. அடுத்த ஆண்டே, 1975ல், தேசியப் போட்டி 32 அணிகளாக விரிந்தது. சாம்பியன் அல்லாத அணிகளுக்கும் கதவு திறந்தது. ஒரு தோல்வி விதியையே மாற்றியது என்றால் மிகையாகாது.

அன்று தோற்ற மேரிலாந்து அணியில் டாம் மெக்மில்லன் என்ற உயரமான மாணவர் ஆடினார். பிறகு அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். 2012ல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் அமர்ந்திருந்தார். அவரது பெயர் இந்தக் கதையில் மீண்டும் வரும்.

கடன் வந்த வழி

2002ல் மேரிலாந்து ஆண்கள் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன். அதே ஆண்டு புதிய உள்ளரங்கமும் திறந்தது. பிறகு ஃபுட்பால் மைதானத்தில் பணக்கார ரசிகர்களுக்கான சொகுசு அறைகள் 2009ல் கட்டப்பட்டன. கடன் வாங்கிக் கட்டியாயிற்று. அறைகளை நிரப்ப அணி வெல்ல வேண்டும். 2011ல் அணி ஆடியது 12 ஆட்டங்கள். வென்றது இரண்டு!

நிலையான செலவு அப்படியே இருக்க, வருமானம் குறைந்தால் என்ன ஆகும் என்பது வணிகவியல் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். எட்டு அணிகளைக் கலைக்க வேண்டும் என்று முடிவானது. நிதி திரட்டினால் பிழைக்கலாம் என்று 2012 ஜூன் வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. ஆண்கள் தடகளத்தின் ஒரு பிரிவு மட்டும் பிழைத்தது. ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல், ஆண்கள் டென்னிஸ், பெண்கள் வாட்டர் போலோ உட்பட ஏழு அணிகள் மூடப்பட்டன. கடனுக்குக் காரணம் ஃபுட்பால் மைதானம். தண்டனை நீச்சல் குளத்துக்கு!

இந்த நேரத்தில்தான் பிக் டென் கதவைத் தட்டியது.

வீடுகளை எண்ணிய கணக்கு

பிக் டென் 1896ல் தொடங்கிய பழைய கூட்டணி. அதன் மையம் சிகாகோவைச் சுற்றிய மத்திய மேற்கு மாநிலங்கள். மேரிலாந்து இருப்பதோ வாஷிங்டனை ஒட்டிய காலேஜ் பார்க் என்ற ஊரில். பூகோளப்படி பொருந்தவே பொருந்தாது. பிறகு ஏன் அழைத்தார்கள்?

2007ல் பிக் டென் தனக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசையை ஃபாக்ஸ் நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கேபிள் வியாபாரத்தில் அலைவரிசைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதக் கட்டணம் போகும், அந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. உறுப்பினர் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதியில் அந்தக் கட்டணம் அதிகம், வெளிப்பகுதியில் சொற்பம். மேரிலாந்து சேர்ந்தால் வாஷிங்டனும் பால்டிமோரும் 'உள்ளூர்' ஆகிவிடும். மறுநாள் சேர்ந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தால் நியூயார்க் வட்டாரம் உள்ளூர் ஆனது. அவர்கள் முதலில் எண்ணியது வெற்றிகளை அல்ல, கேபிள் இணைப்புள்ள வீடுகளை.

மேரிலாந்தின் தலைவர் வாலஸ் லோ, ஷாங்காயில் பிறந்து பெருவில் வளர்ந்தவர். இதற்கு முன் பிக் டென் உறுப்பினரான அயோவா பல்கலைக்கழகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். அவர் முன்னே இருந்த தராசு இதுதான்.

ஒரு தட்டில் கடன், மூடிய ஏழு அணிகள், பல மடங்கு பெருகக்கூடிய தொலைக்காட்சிப் பங்கு, கூடவே பிக் டென் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி, நூலகக் கூட்டுறவு. மறு தட்டில் டியூக், வட கரோலினா, வர்ஜீனியா என்ற பரம்பரைப் போட்டியாளர்கள், பேருந்தில் போய்வரும் தூரம், அறுபது ஆண்டு நினைவு. இவற்றோடு இன்னொரு பெரிய கல்லும் இருந்தது. வெளியேறினால் கட்ட வேண்டிய தொகையை ஏ.சி.சி. இரண்டு மாதத்துக்கு முன்புதான் சுமார் 5 கோடி 20 லட்சம் டாலராக உயர்த்தியிருந்தது. அதை எதிர்த்து வாக்களித்தவை இரண்டே இரண்டு, ஃப்ளோரிடா ஸ்டேட்டும் மேரிலாந்தும்.

செய்தி கசிந்த இரண்டே நாளில் முடிவு வந்தது. ஆட்சிக்குழு மூடிய கதவுக்குள் கூடியது. மெக்மில்லன் எதிர்த்தார். மாணவர்களையும் பேராசிரியர்களையும் கேட்காமல் இத்தனை அவசரம் ஏன் என்பது அவரது கேள்வி. ஆனால் அவர் பக்கம் பெரும்பான்மை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை! மேரிலாந்தைப் பறித்துக்கொண்ட பிக் டென் ஆணையர் ஜிம் டெலானி, இளமையில் கூடைப்பந்து ஆடியது ஏ.சி.சி.யின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக.

பிரிவும் பிறகும்

ஏ.சி.சி. உடனே வழக்குப் போட்டது. மேரிலாந்துக்கு வரவேண்டிய பங்கையும் நிறுத்தி வைத்தது. மேரிலாந்து 2014 ஜனவரியில் 15 கோடி 70 லட்சம் டாலர் கேட்டு எதிர்வழக்குப் போட்டது. 2014 ஜூலை 1 அன்று அது முறைப்படி பிக் டென்னில் சேர்ந்தது. ஆகஸ்டில் சமரசம். ஏ.சி.சி. பிடித்து வைத்திருந்த சுமார் 3 கோடி 13 லட்சம் டாலரையே தண்டமாக எடுத்துக்கொண்டது.

லாப நட்டக் கணக்கு என்ன? பணம் வந்தது. அதில் சந்தேகமில்லை. 2022ல் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களுடன் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். லாக்ராஸ் என்ற வலைக்கோல் ஆட்டத்தில் மேரிலாந்து ஆண்கள் அணி 2017லும் 2022லும் தேசிய சாம்பியன். ஃபுட்பாலில் கதை வேறு. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட் என்ற மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மேரிலாந்து, முதல் பத்துப் பருவங்களில் ஒருமுறைகூடக் கூட்டணி ஆட்டங்களில் தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை.

நீச்சல் அணிகள்? பத்தாண்டு கடந்தும் திரும்பி வரவில்லை. யாருடைய இழப்பைக் காட்டிப் பணம் தேடப்பட்டதோ, அவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. இந்தக் கணக்கில் உறுத்தும் வரி இதுதான்.

அப்படியானால் மேரிலாந்து ஏ.சி.சி.யிலேயே இருந்திருக்க வேண்டுமா? அதுவும் அவ்வளவு எளிதான பதில் அல்ல. அது விட்டுப்போன வீடு இப்போது அதே வீடாக இல்லை. 2024ல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 'அட்லாண்டிக் கடற்கரை' கூட்டணியில் சேர்ந்தன. அவை இருப்பதோ பசிபிக் கடற்கரையில்! அதே ஆண்டு பிக் டென்னும் லாஸ் ஏஞ்சலஸ் வரை நீண்டு 18 உறுப்பினர் ஆனது. பெயரில் மட்டும் இன்னும் பத்து. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏ.சி.சி.யை விட்டு வெளியேறும் விலையைக் குறைக்க வழக்குப் போட்டு, 2025ல் சமரசம் செய்துகொண்டன. வீட்டிலேயே இருந்தவர்களும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது. ஆனாலும் நிறுவனம் கைமாறும்போது அதற்கும் ஒரு விலை போடுவார்கள். மேரிலாந்து கைமாறியபோது கடனுக்கு விலை இருந்தது, வீடுகளுக்கு விலை இருந்தது, வெளியேறுவதற்கும் விலை இருந்தது. 1974ன் அந்த மூன்று புள்ளித் தோல்விக்கு மட்டும் யாரும் விலை போடவில்லை. அதைப் புதிய கூட்டணிக்கு எடுத்துப் போகவும் முடியாது. தோற்கடித்தவர்களும் கூட வந்தால்தானே அந்தத் தோல்விக்கு அர்த்தம்!

1953ல் பழைய எதிரிகள் ஒன்றாக வெளியேறினார்கள், அதனால் நினைவுகளும் கூடவே போயின. 2012ல் பணம் மட்டும் கூட வந்தது. கூட்டணி மாறலாம், தவறில்லை. யாரோடு மாறுகிறோம், யாருக்காக மாறுகிறோம் என்பதையும் அந்த இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த நீச்சல் குளத்தில் இன்னும் மேரிலாந்து அணி நீந்திக்கொண்டிருக்குமோ என்னவோ...